நாலரை மணிச் சங்கு

தேர்தலில் தோற்றவர்களிடம் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கூட இருந்தவன் காலை வாரிவிட்டான் என்பார்கள். கடைசி நேரத்தில் ஏதோ சதி நடந்துவிட்டது என்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நான் தோற்றதற்கு நானேதான் காரணம். இன்னும் துல்லியமாகச் சொல்வதென்றால் என் வலது கைக் கட்டைவிரல். அதற்கு ஊரே சாட்சி. (ஊரே என்றால் ஊரேதான். ஆனால் சம்பவம் நடந்த நேரத்தில் எல்லாரும் கட்டிலுக்கு அடியில் இருந்தார்கள்.)

எந்த ஊர் என்று எழுதக் கூடாது என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அரூரில் டவுன் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். இறங்கியதும் எதிரே ஒரு குன்று தெரியும், அதில் பாதியைக் காணோம் என்றால் அதுதான் எங்கள் ஊர். காணாமல் போன பாதி ஜல்லியாக மாறி எங்கெங்கோ ரோடாகவும் வீடாகவும் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அந்தக் கல் குவாரி. மறுபாதிப் பேரின் சுவரில் விரிசல் விட்டதும், கிணற்றில் தண்ணீரைக் கீழே இறக்கியதும் அதே குவாரி. நான் கல்யாணமாகி இங்கே வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், உரிமம் புதுப்பிப்பதில் ஏதோ தகராறு என்று அதைப் பூட்டிவிட்டார்கள். அதனால் குவாரி ஓடி நான் பார்த்ததில்லை. முக்கியமாக, கேட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும்.

நான் வேட்பாளர் ஆன கதை மிகவும் சின்னது. பஞ்சாயத்துத் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. தலைவர் கனவோடு ஐந்து வருஷமாகத் தன் மாட்டுத் தீவனக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என் கணவர் மாதேஷ். செய்தியைக் கேட்டதும் அரை நாள் டீக்கணக்கைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்று என்னையே பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"பூங்கொடி, நீ பி.எஸ்சி. தானே?"

"ஆமாங்க. பிசிக்ஸ்."

"போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வேட்பாளர் என்பது தோசைக்குச் சட்னி அரைபடுவதற்குள் முடிவாகிவிட்டது.

போஸ்டர் வந்தது. 'தீவனக்கடை மாதேஷ் அவர்களின் துணைவியார்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நடுவில் அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறார். அவர் முழங்கைக்குப் பின்னால் அரை முகம் தெரிந்தது. அது நான். என் பெயர் எந்த மூலையில் இருக்கிறது என்று அத்தை (என் மாமியார்) கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடி, கடைசியில் அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார்.

ஊருக்கும் என் பெயர் தெரியாது. வந்து இரண்டு வருஷம் ஆகியும் நான் 'தீவனக்கடைக்காரர் வூட்டுப் பொண்ணு'. சில பேருக்கு, நான் பிறந்த ஊரை வைத்து, 'அதியமான்கோட்டைப் பொண்ணு'. ரேஷன் கடையில் மட்டும் கார்டைப் பார்த்து யாராவது பெயரைப் படித்துவிட்டால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருக்கும். தலைவர் பதவிமேல் எனக்கு ஆசையே இல்லை, வீட்டுக்காரருக்காகத்தான் நிற்கிறேன் என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். பச்சைப் பொய். பஞ்சாயத்து அலுவலகத்தில் தலைவர்கள் பெயர் எழுதிய பலகை ஒன்று மாட்டியிருக்கும். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அந்தப் பலகையில் கடைசி வரியாக என் பெயரை மனசுக்குள் எழுதிப் பார்ப்பேன். ஊரில் நாலு பேராவது என்னைப் பூங்கொடி என்று கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்களுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. அதைக் கேட்டதும் என் கணவர் துள்ளிக் குதித்தார். ஏனென்றால் தேர்தலில் ஊரைப் பிரித்து வைத்திருந்த கேள்வி ஒன்றே ஒன்று. குவாரியைத் திறப்பதா, பூட்டியே வைப்பதா? குன்றை ஒட்டிய மேட்டுப்பக்கம் முழுக்கக் குவாரியில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குத் திறக்க வேண்டும். ஏரிப்பக்கம் முழுக்க விவசாயம். அவர்களுக்கு அது ஜென்மத்துக்கும் திறக்கக் கூடாது.

"மேட்டுப்பக்கம் போனா சாவியத் தூக்கிக் காட்டு. ஏரிப்பக்கம் போனா பூட்டைத் தூக்கிக் காட்டு. வாயத் தொறந்து குவாரின்னு மட்டும் சொல்லிடாத" என்றார் என் கணவர். அரூர் போய்த் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டும் சாவியும் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். இரண்டு வாரம் அதைச் சுமந்து திரிந்ததில் என் இடது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போனது.

பிரச்சாரம் நடந்த விதம் இப்படி: நான் கும்பிடுவேன், அவர் பேசுவார். யாராவது என்னிடம் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்வார். ஒரு பாட்டியம்மா "உனக்கு எத்தினி புள்ளைங்க கண்ணு?" என்று என்னைக் கேட்டதற்குக்கூட அவர்தான் பதில் சொன்னார். (அப்போது பிள்ளையே இல்லை. "திட்டம் இருக்குதுங்க" என்றார்.) எதிர்த்து நின்ற சின்னப்பொண்ணு அக்கா ஏற்கெனவே வார்டு உறுப்பினராக இருந்தவர். அவர் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும், மைக்கே வேண்டாம். "அந்தப் பொண்ணுக்கு வாய் இருக்குதா இல்லியா, யாராச்சும் பாத்தீங்களா?" என்று அவர் கேட்டுவிட்டுப் போனதாகச் செய்தி வந்தது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசி நாள் கூட்டத்தில் நான்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். என் கணவர் முடியாது என்றார். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தைதான் குறுக்கே வந்தார்.

"அவளே பேசட்டும்டா. ஓட்டு கேக்கறது அவளுக்கா, உனக்கா?"

"அம்மா, உனக்கு அரசியல் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சிதான் கிழிச்ச. அவ பேசட்டும், உடு."

ஐந்து நிமிஷம் கிடைத்தது. ஒரு பக்கத்துக்குப் பேச்சை எழுதினேன். தெருவிளக்கு, குடிநீர், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். குவாரி கிடையாது. மூன்று நாள் மாட்டுக் கொட்டகையில் நின்று மனப்பாடம் செய்தேன். எங்கள் மாடு அந்த மூன்று நாளும் பாலைக் குறைத்துவிட்டது. ரோஷத்தில் கேட்டுவிட்டேனே தவிர, நாள் நெருங்க நெருங்கப் பயம் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் யாராவது எழுந்து 'குவாரியைப் பத்திச் சொல்லும்மா' என்று கேட்டுவிட்டால்? சோறு இறங்கவில்லை. சம்பவத்தன்று காலையில் குடித்த காபியும் வெளியே வந்துவிட்டது. அத்தை அதைப் பார்த்து வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகிவிட்டார், அது தனி.

கூட்டம் பஸ் ஸ்டாப்பில், மாலை நாலரை மணிக்கு. மேட்டுப்பக்கமும் ஏரிப்பக்கமும் சேரும் இடம் அதுதான். நாலு மணிக்கு மைக் செட் கட்டியிருந்த ஆட்டோ கம்பளிக்கார ஓடைப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டதாகப் போன் வந்தது. என் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்துபோய், பழைய இரும்பு வாங்குகிற தெரிந்தவர் ஒருவரிடமிருந்து கையில் பிடித்துப் பேசும் மெகாஃபோன் ஒன்றை இரவல் வாங்கி வந்தார்.

"இந்தப் பச்சைய அழுத்திட்டுப் பேசு. பின்னால செவப்பு ஒண்ணு இருக்குது, அதத் தொடாத. ஏதோ கோளாறாம்."

"சரிங்க."

"தொடாத."

"சரிங்கன்னு சொல்றேனே!" என்று எரிந்து விழுந்தேன். இயற்பியல் ஆய்வகத்தில் எத்தனை கருவிகளைக் கையாண்டவள் நான். எனக்குப் பச்சை சிவப்பு சொல்லித் தர வேண்டுமா? அவர் டீக்கடைப் பக்கம் இருந்த ஆட்களைக் கூட்டிவரப் போனார். நான் ஒரு டிராக்டர் டிரெய்லர் பக்கத்தில், இடது கையில் பூட்டும் வலது கையில் மெகாஃபோனுமாக நின்றேன். எதிரே எப்படியும் நூற்றைம்பது பேர்.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்றேன். பச்சையை அழுத்தித்தான் இருந்தேன், ஆனால் பயத்தில் கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் குரல் வந்தது.

"கேக்கலீங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். இன்னொருவர், "வாய் இருக்குதான்னு கேட்டாங்களே, சரியாத்தான் கேட்டிருக்காங்க" என்றார். சிரிப்பு கிளம்பியது. எனக்குக் காது சூடாகிவிட்டது. சத்தத்தைக் கூட்டுவது எது? பச்சை இல்லை என்றால் சிவப்புதானே இருக்க வேண்டும்? (இதுதான் என் இயற்பியல்.) சிவப்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

அந்தச் சின்னக் குழாய்க்குள் இவ்வளவு பெரிய ஓலம் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. ஊ என்று தொடங்கி மேலே மேலே ஏறியது. பதறிப்போய் விரலை எடுத்தேன். நின்றது.

கூட்டம் அப்படியே உறைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒருவர் டீ கிளாசைத் தரையில் வைத்தார். ஒரு பெண் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஐயோ, கோபித்துக்கொண்டு போகிறாரே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பேச்சைத் தொடர்ந்துவிடலாம் என்று பச்சையைத் தேடினேன். அவசரத்தில் மறுபடியும் சிவப்பு. மறுபடியும் ஊ.

இப்போது எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நடக்கவில்லை, ஓடினார்கள். செருப்புகள் அங்கங்கே கழன்று கிடந்தன. டீக்கடை ஷட்டர் தடதடவென்று இறங்கியது. கட்டிப்போடாத கிழட்டு மாடு ஒன்று, யாரும் ஓட்டாமலே தன் கொட்டகையைப் பார்த்து வேக நடை போட்டது. நான் வாயைத் திறந்து மூன்று வார்த்தைதான் பேசியிருந்தேன். மூன்று வார்த்தைக்கா இவ்வளவு வெறுப்பு? "போவாதீங்க! ஒரு நிமிசம் நில்லுங்க!" என்று கெஞ்சிக்கொண்டே, அவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று மெகாஃபோனைத் தூக்கிப் பிடித்து அழுத்தினேன்.

எதை அழுத்தினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரு ஈ காக்கா இல்லை. தெரு நெடுகக் கதவு சாத்தும் சத்தம். டீக்கடைப் பக்கமிருந்து என் கணவர் மட்டும் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து டிரெய்லருக்கு அடியில் தள்ளி, தானும் உள்ளே உருண்டு, என் தலையைத் தன் கையால் மூடினார். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவர் என்மேல் அவ்வளவு அக்கறை காட்டியது அன்றுதான்.

"என்னாங்க ஆச்சு?"

"சங்கு கேக்கல உனக்கு? மூணு சங்கு ஊதிட்டான்! குவாரியத் தொறந்துட்டானுங்க! தலைய உள்ள இழு!"

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. குவாரியில் பாறைக்கு வேட்டு வைப்பதற்கு முன்னால் சைரன் ஊதுவார்களாம். ஊர் மொழியில் அது சங்கு. முதல் சங்குக்கு எல்லாரும் வீட்டைப் பார்த்து நடக்க வேண்டும். இரண்டாவதுக்குக் கதவைச் சாத்த வேண்டும். மூன்றாவதுக்குக் கட்டிலுக்கோ மேசைக்கோ அடியில் போய்விட வேண்டும். கல் சில்லு கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. இருபது வருஷம் தினமும் அதே பழக்கம். தினமும் எத்தனை மணிக்கு? நாலரைக்கு.

மெகாஃபோன் என் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது. அவர் அதை மறந்தே போயிருந்தார். நான் அதை முந்தானையால் மூடினேன். இரண்டு பேரும் வெடிக்காகக் காத்திருந்தோம். அதாவது அவர் வெடிக்காகக் காத்திருந்தார், நான் அவருக்காகக் காத்திருந்தேன்.

"வெடிக்கலியே" என்று கிசுகிசுத்தார். "வெடிக்காத வேட்டுதான் ஆபத்து. எப்ப வேணா வெடிக்கும். நீளச் சங்கு ஊதற வரைக்கும் ஒருத்தரும் வெளிய வரக்கூடாது."

"ஊதலன்னா?"

"ஊதற வரைக்கும் இருக்க வேண்டியதுதான்."

அந்த நீளச் சங்கை ஊத யார் இருக்கிறார்கள்? யாருமே இல்லை. வாக்குப்பதிவு வரைக்கும் ஊர் மொத்தமும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்குமோ? வயசானவர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டிலாவது அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம். அத்தை இந்நேரம் முட்டி வலியோடு கட்டிலுக்கு அடியில் நுழைந்திருப்பார்.

"ஏங்க..."

"கம்முனு இரு."

"அது குவாரியிலருந்து வரலீங்க. இதுலருந்து வந்துச்சு" என்று வயிற்றுக்கு அடியிலிருந்து மெகாஃபோனை மெதுவாக வெளியே எடுத்தேன்.

அவர் மெகாஃபோனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மெகாஃபோனைப் பார்த்தார்.

"செவப்பத் தொட்டியா?"

"தொட்டுட்டேன்ங்க."

"எத்தினி வாட்டி?"

"மூணு."

புரண்டு மல்லாந்து, டிரெய்லரின் அடித்தட்டில் நெற்றியை முட்டிக்கொண்டார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத. குவாரி கம்பெனிக்காரன்தான் ஊதிட்டான்னு சொல்லிக்கலாம்" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம் எதுவானாலும் போதும் என்ற நிலையில் இருந்தேன்.

அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. ஊரே பதுங்கிக் கிடக்கும்போது ஒரே ஓர் ஆள் நடுரோட்டில் நிதானமாக நடந்து வந்தார். முனியப்பன் அண்ணன். இருபது வருஷம் குவாரியில் சங்கு ஊதியவர் அவர்தான். குவாரி பூட்டியதிலிருந்து நாலு ஆடு வைத்து மேய்த்துக்கொண்டிருந்தார். டிரெய்லர் பக்கம் வந்து நின்று குனிந்தார்.

"நீங்களா ஊதுனது?"

"தெரியாம அழுத்திட்டேன்ண்ணா."

"கம்பெனி சங்கு இல்லன்னு மொத ஊதலுக்கே தெரிஞ்சிபோச்சு. அது போவட்டும். மொத சங்குக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல அஞ்சு நிமிசம் உடணும் இல்லீங்களா? மேய்ச்சலுக்குப் போன ஆடு மாடு வர வேணாமா? வெளையாடற புள்ளைங்க வர வேணாமா? மூணையும் ஒரே மூச்சுல ஊதிட்டீங்க. மாசமா இருக்கறவ யாராச்சும் ஓடி உழுந்திருந்தா என்னா பண்ணுவீங்க?"

நான் செய்த காரியத்தில் அவருக்குத் தெரிந்த குற்றம் அது ஒன்றுதான். ஆனால் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதெல்லாம் உண்மை. அதுவரை ஓட்டு போய்விடுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். யாருக்காவது அடிபட்டிருக்குமோ என்று அப்போதுதான் பயம் வந்தது.

முனியப்பன் அண்ணன் கையை நீட்டினார். மெகாஃபோனைக் கொடுத்தேன். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, குன்று இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு சிவப்பை அழுத்தினார். நீளமாக, ஒரே சீராக. அவர் விரலை எடுத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வியர்வையைத் துடைத்துக்கொண்டாரா என்று கீழேயிருந்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

கதவுகள் திறந்தன. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இனிமேல்தான் ஆரம்பம்.

மேட்டுப்பக்கமிருந்து ஆண்களும் பெண்களும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். சில பேர் தலையில் பழைய மஞ்சள் ஹெல்மெட். ஒருவர் காலில் கம்பூட்ஸ்கூட மாட்டிவிட்டார். "குவாரி தொறந்தாச்சு! குவாரி தொறந்தாச்சு!" என்று கூவினார்கள். ஏரிப்பக்கமிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. அதில் யாரும் சிரிக்கவில்லை. "யாரக் கேட்டுத் தொறந்தானுங்க? எங்கூட்டுச் செவுரு இன்னும் ரெண்டு நாள்ல உழுந்துரும்!" என்று ஒருவர் மண்வெட்டியோடு முன்னால் வந்தார். இரண்டு கூட்டமும் எங்கள் டிரெய்லருக்கு முன்னால் வந்து முட்டி நின்றன. தலைமுடியில் வைக்கோலும் முழங்கையில் சேறுமாக நான் நடுவில் வெளியே வந்தேன். சின்னப்பொண்ணு அக்கா கடைசியாக வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அழகாகச் சிரித்தார்.

என் கணவர் டிரெய்லர்மேல் ஏறிவிட்டார். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! இதுல கம்பெனிக்காரங்களோட பங்கு என்னான்னு நாம விசாரிக்கணும்..."

மண்வெட்டிக்காரர் அதைக் கேட்டதும், "வாங்கடா, கம்பெனி கேட்டுக்கே போயி கேக்கலாம்!" என்று திரும்பினார். ஹெல்மெட் போட்டவர்கள் வழியை மறித்தார்கள். யாரோ யாரையோ தள்ளினார்கள். குவாரி கேட்டில் காவலுக்கு ஒரே ஒரு வயசான மனிதர் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. முனியப்பன் அண்ணன் கையிலிருந்து மெகாஃபோனைப் பிடுங்கினேன். இந்த முறை பச்சை.

"நான்தாங்க!" என்றேன். குரல் கிறீச்சிட்டது. ஆனால் நாலு தெருவுக்கும் கேட்டது. "குவாரி தொறக்கலீங்க. யாரும் தொறக்கல. நான்தான் இத அழுத்தி ஊதிட்டேன். தெரியாம ஊதிட்டேன். என் பேரு பூங்கொடிங்க."

பெயரை எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. போலீஸில் வாக்குமூலம் கொடுக்கிற ஞாபகமாக இருக்கலாம். மூன்று நாள் மாட்டுக்குச் சொல்லிக் காட்டிய தெருவிளக்கு, குடிநீர், சுற்றுச்சுவர் எதுவுமே வெளியே வரவில்லை. ஊர் கேட்ட என் முதல் தேர்தல் உரை முழுசாக அவ்வளவுதான்.

தள்ளுமுள்ளு நின்றது. பிறகு மண்வெட்டிக்காரர் என் இடது கையைக் காட்டிக் கேட்டார். பூட்டு இன்னும் அங்கேயே இருந்தது. "அது கெடக்கட்டும்மா. நீ தலைவரா வந்தா குவாரியத் தொறப்பியா, பூட்டியே வெப்பியா? அதச் சொல்லு."

இத்தனை நாளாக எந்தக் கேள்விக்குப் பயந்து சோறு இறங்காமல் இருந்தேனோ, அதே கேள்வி. டிரெய்லர்மேலிருந்து என் கணவர் கண்ணால் ஏதேதோ ஜாடை காட்டினார். சாவியா, பூட்டா, எந்தப் பக்கம் திரும்பி எதைக் காட்டுவது? இரண்டு பக்கமும் எதிரிலேயே நின்றார்கள்.

"எனக்கு இந்த மெகாஃபோனையே சரியா அமுத்தத் தெரியலீங்க. குவாரியப் பத்தி நான் என்னாங்க சொல்றது?" என்றேன்.

முதலில் சிரித்தவர் சின்னப்பொண்ணு அக்கா. பிறகு ஏரிப்பக்கம். பிறகு மேட்டுப்பக்கம். மண்வெட்டிக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். ஊர் இரண்டாகாமல் பிழைத்தது. ஆனால் கம்பூட்ஸ் போட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "நெசமாவே தொறந்துட்டாங்கன்னு நெனச்சிட்டேம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாற்பத்தொரு ஓட்டில் தோற்றேன். வீணாக ஆசை காட்டிவிட்டாள் என்று மேட்டுப்பக்கமும், வீணாகப் பயம் காட்டிவிட்டாள் என்று ஏரிப்பக்கமும் ஒற்றுமையாக எனக்கு ஓட்டுப் போடவில்லை. செல்லாத வாக்குச் சீட்டுகளில் இரண்டில், என் சின்னத்துக்கு நேராக யாரோ பேனாவால் சங்கு படம் வரைந்திருந்ததாக வாக்கு எண்ணும் இடத்திலிருந்து திரும்பிய என் கணவர் சொன்னார். சொல்லிவிட்டு மூன்று நாள் கடையையே திறக்கவில்லை. அத்தைதான் அவரை வழிக்குக் கொண்டுவந்தார்.

"என்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? அஞ்சு நிமிசத்துல ஊரையே வூட்டுக்குள்ள அனுப்பினா என் மருமவ. இதுக்கு முன்ன எந்தத் தலைவரு சொல்லி இந்த ஊரு கேட்டிருக்குது, சொல்லு பாக்கலாம்?"

அன்று காலை நான் காபியை வாந்தி எடுத்ததற்கு அத்தை எடுத்துக்கொண்ட அர்த்தம் சரியாகவே இருந்தது என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. (முனியப்பன் அண்ணன் சொன்ன 'மாசமா இருக்கறவ' நான்தான். நான் ஓடவில்லை, தள்ளத்தான் பட்டேன்.) இப்போது என் மகளுக்கு ஆறு வயசு. எங்கள் வீட்டில் குக்கர் இரண்டாவது விசில் அடித்ததும் அவள் "ரெண்டாச்சு!" என்று கத்துவாள். மூன்றாவது விசிலுக்கு அவளும் அவள் அப்பாவும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருப்பார்கள். விருந்தாளிகள் வந்திருந்தால் அவர்களையும் இழுத்துக்கொள்வார்கள். பருப்பு வேகும் வரைக்கும் நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன வருஷம் குவாரியை நிஜமாகவே திறந்தார்கள். வேட்டு சின்னதாக வைக்க வேண்டும், விரிசல் விட்ட சுவரைக் கம்பெனியே பூச வேண்டும் என்றெல்லாம் பேசி, இரண்டு பக்கமும் அரை மனதோடு ஒத்துக்கொண்டார்கள். கம்பூட்ஸ்காரர் வேலைக்குப் போனார். முனியப்பன் அண்ணன் ஆடுகளை விற்றுவிட்டுத் திரும்பவும் சங்குக்குப் போனார். முதல் நாள் மாலை நாலரைக்கு முதல் சங்கு ஊதியது.

ஒருத்தர்கூட அசையவில்லை.

டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ரோட்டில் பந்து விளையாடினார்கள். "பூங்கொடி மறுபடியும் செவப்ப அழுத்திட்டா போல" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சங்குக்கும் அதே கதை. மேலேயிருந்து பார்த்த முனியப்பன் அண்ணன் வயிற்றில் அடித்துக்கொண்டு வேட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, குன்றிலிருந்து ஓடியே இறங்கித் தெருத் தெருவாகக் கத்தினார். அவர் மட்டும் எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று துணி மடிக்கும்போதெல்லாம் இப்போதும் நினைப்பு வருகிறது.

மறுநாளே கம்பெனி ஏற்பாடு செய்துவிட்டது. பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் கடைசி வரியில் சின்னப்பொண்ணு அக்காவின் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் பத்துப் பேர்தான் அதைப் படிப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும், மாலை நாலரைக்குச் சரியாக ஐந்து நிமிஷம் முன்னால், குன்றின்மேல் கட்டிய இரண்டு குழாய் ஒலிபெருக்கியில் முனியப்பன் அண்ணன் குரல் மேட்டுப்பக்கத்துக்கும் ஏரிப்பக்கத்துக்கும் சேர்ந்து கேட்கும்.

"இப்ப ஊதப் போறது கம்பெனி சங்குங்க. நம்ம பூங்கொடி ஊதறது இல்லீங்க. எல்லாரும் உள்ள போங்க."

எல்லாரும் உள்ளே போகிறார்கள். நானும் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போகிறேன்.